இசட் டிரைவ் யாருடையது?

‘ஸார், பிடிஎஃப்ல ஒரு ஃபாரம் பண்ணி பத்து பட்டன் வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணை அமுக்கினாலும் நெட்வொர்க் டிரைவ்ல ஒரு ஃபைல் திறக்கணும். என் மெஷின்ல ஜோரா திறக்குது. மானேஜர் அமுக்கினா ஒண்ணும் நடக்கலை. வேலை போயிடும் போலிருக்கு!’

கொடைக்கானல் ஏரிப் பக்கம் ஒரு தங்கும் விடுதி ஆபீசிலிருந்து ஓர் இளைஞரின் புலம்பல் இது. வேலை போகாது, கவலை வேண்டாம்.

பட்டனுக்குள் ஃபைல் இல்லை. ஃபைலின் விலாசம்தான் இருக்கிறது. அது ‘இசட் டிரைவ்’ என்று ஆரம்பித்தால் வில்லங்கம். இசட் என்பது உங்கள் கம்ப்யூட்டர் சர்வருக்கு வைத்த செல்லப் பெயர். மானேஜர் மெஷினில் அதே சர்வர் ‘எச்’ ஆக இருக்கலாம், அல்லது இல்லாமலே போகலாம். தபால்காரரிடம் ‘சித்தப்பா வீட்டில் கொடு’ என்று சொன்ன கதை. யார் சித்தப்பா?

ஒரு வைத்தியம்: டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு, இரண்டு சாய்கோடு போட்டு சர்வரின் பெயர், பிறகு ஷேர் ஃபோல்டரின் பெயர் என்று முழு விலாசம் கொடுப்பது. மானேஜருக்கு அந்த ஃபோல்டரில் அனுமதி இருந்தால் திறக்கும். சர்வரை மாற்றுகிற நாளில் பத்து பட்டனையும் திருத்த வேண்டும் என்பது வேறு தலைவலி.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஃபாரத்தையே அந்த ஷேர் ஃபோல்டரில் போட்டு, அங்கிருந்து திறந்து இணைப்பு கொடுங்கள். இரண்டும் ஒரே டிரைவில் இருந்தால் அக்ரோபாட் ‘பக்கத்து அறையில் பார்’ என்கிற பாணியில் எழுதிக்கொள்ளும். ஃபோல்டரை அப்படியே பழனிக்குத் தூக்கிப் போனாலும் வேலை செய்யும். ஆனால் ஃபாரத்தை மட்டும் டெஸ்க்டாப்பில் காப்பி எடுத்தால் போச்சு. மானேஜர்கள் எடுப்பார்கள். அதற்கு முன் ஒரு ஷார்ட்கட் வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

பிரவுசரில் ஃபாரத்தைத் திறந்தால் இந்த பட்டன்கள் பெரும்பாலும் ஊமை. அக்ரோபாட்டிலும் ‘திறக்கலாமா?’ என்று ஒரு பெட்டி கேட்கும். காரணம் இருக்கிறது. 2010-ல் டிடியர் ஸ்டீவன்ஸ் என்கிற பாதுகாப்பு நிபுணர், பிடிஎஃப்பை வைத்தே கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமை ஓட்டிக் காட்டினார். அதே வருஷம் அடோபி கடிவாளத்தை இறுக்கியது. பெட்டி கேட்பதை மானேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வைரஸ் என்று அலறப் போகிறார்.

அடுத்தது பெயர் விவகாரம். உங்கள் ஊர் சூரிய ஆராய்ச்சி நிலையத்தில் 1904 முதல் சூரியனைத் தினசரி படம்பிடித்து வந்தார்கள். அந்தக் கண்ணாடித் தகடுகள் இப்போது கம்ப்யூட்டர் படங்களாகிவிட்டன. எந்த நாள், எந்த நேரம் என்கிற குறிப்பு தொலைந்தால் எந்தப் படமும் வெறும் வெள்ளை வட்டம்தான்.

ஆனால் அதைப் படித்துவிட்டு உங்கள் ஃபைல் பெயரிலும் தேதி போடக் கிளம்பாதீர்கள்! ‘ரேட் லிஸ்ட்’டை ‘ரேட் லிஸ்ட் மே’ என்று மாற்றிய நிமிஷமே பட்டன் செத்துவிடும். பட்டன் தேடும் ஃபைலுக்கு என்றைக்கும் ஒரே பெயர். பழையதற்கு மட்டும் தேதி போட்டு வேறு ஃபோல்டருக்கு அனுப்புங்கள். சீசன் வந்தால் ரூம் வாடகை எத்தனை தடவை மாறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.