பென்டிரைவ் மேல் பழி போடாதீர்கள்!



ஹாஸ்டலில் அடிக்கடி காணும் காட்சி இது. லினக்ஸ் போடலாமென்று ஒருவன் பென்டிரைவைச் சொருகுவான். லேப்டாப் கண்டுக்காமல் விண்டோஸுக்கே போய் நிற்கும். உடனே தீர்ப்பு: "பென்டிரைவ் அவுட்டுடா மச்சான்!" மறுநாள் கடைக்குப் பயணம். காசு போகட்டும், காரணம் தெரியாமலே போகிறதே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்!

என் அப்பா ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷன். தோலைத் தடவி, வடு எங்கே என்று பார்க்காமல் டை வைக்க மாட்டார். நான் மட்டும் தடவாமலே இரண்டு ராத்திரி மாரடித்தேன்.

முதல் தப்பு, ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே காப்பி பண்ணியது. ரூஃபஸ் மாதிரி ஒன்றால் எழுதினால்தான் பூட் ஆகும். எழுதியபின் லினக்ஸ் வந்தது. ஆனால் பக்கத்திலிருந்த விண்டோஸை அதற்குத் தெரியவில்லை! பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு பெயரில் நின்றது. ஒன்றின் முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்றிருந்தது. விண்டோஸ் இருந்தது அந்த முறையில். நான் அமுக்கியது மற்றதை. மெனுவே வரலியா? ஷட்டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுத்து டெல்லில் எஃப்-12, ஹெச்பியில் எஃப்-9 தட்டுங்கள்.

2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? விண்டோஸ் 10-க்கு 14.10.2025-ஓடு இலவச ஆதரவு முடிந்தது. 11 ஏறாத பழைய மெஷின்களை வைத்துக்கொண்டு இனியும் கடைக்காரரை நம்பணுமா?

மாட்டிக்கொண்டால் என் ரூமுக்கு வாங்க. ஃபைலையெல்லாம் முதலில் வேறிடத்தில் காப்பி எடுத்துட்டு வாங்க!