பெரியண்ணனின் பதிவேடு

பெரியண்ணனை யாரும் நேரில் பார்த்ததில்லை. சுவரொட்டியில் கருமீசையோடு முறைக்கும் முகம், வீட்டுக்குள் இருந்தே ஆளை வேவு பார்க்கும் தொலைதிரை, அவ்வளவுதான். அப்படியொரு மனிதன் உண்மையில் உண்டா என்பதற்கு நாவலில் விடை கிடையாது. 1949 ஜூனில் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெலின் '1984' படைத்த இந்தச் சர்வாதிகாரியின் பெயர்தான், கண்காணிப்புக் கேமரா எங்கே முளைத்தாலும் இன்றும் அடிபடுகிறது. (1999இல் நெதர்லாந்தில் ஒரு தொலைக்காட்சிப் போட்டிக்கும் இதே பெயரைச் சூட்டினார்கள். அதன் வாரிசான 'பிக் பாஸ்' நம் கூடத்துக்கே வந்துவிட்டது. அச்சம் கேளிக்கையாக ஐம்பது ஆண்டு போதும் போலும்.)

அந்த முகத்தில் ஸ்டாலினின் சாயல் உண்டு என்பது சரிதான். ஆனால் அரசின் கண் எப்படி வேலை செய்யும் என்பதை ஆர்வெல் உள்ளிருந்து பார்த்தது பர்மாவில். பிகாரின் மோதிஹாரியில் அபினி இலாகா அதிகாரியின் மகனாகப் பிறந்தவர், 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரி. அன்று பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அந்த இந்தியாவின் கல்கத்தாவில் 1897இலேயே கைரேகைப் பணியகம் வந்துவிட்டது. ஸ்காட்லாந்து யார்டுக்கு அது வந்து சேர்ந்தது 1901இல். மதுரைப் பக்கத்தில் 'ரேகைச் சட்டம்' என்று மக்கள் சபித்த குற்றப்பரம்பரைச் சட்டமும் அதே ஆட்சி பெற்ற பிள்ளைதான். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது.

பிறகு ஆர்வெலையே வேவு பார்த்தார்கள். அவரைப் பற்றிய பிரிட்டிஷ் உளவுத்துறைக் கோப்பு 2007இல் வெளியானது. தீவிர கம்யூனிஸ்ட் கருத்துடையவர் என்று 1942இல் ஒரு போலீஸ்காரர் எழுதிய குறிப்பு அதில் இருக்கிறது. அதைவிடச் சங்கடமானது 1949 மே மாதச் சங்கதி. காசநோய்ப் படுக்கையில் இருந்த ஆர்வெல், வெளியுறவுத் துறையின் ரகசியப் பிரசாரப் பிரிவுக்கு 38 பேரின் பெயர்களை எழுதிக் கொடுத்தார். இவர்களைப் பிடியுங்கள் என்பதற்காக அல்ல; பிரசாரம் எழுத இவர்களை நம்பி அழைக்காதீர்கள் என்பதற்காக. அவரைத் துரோகி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரியண்ணனைப் படைத்த கையே பட்டியலும் எழுதியது என்பதை மறைக்கவும் கூடாது. கொடுங்கோலனுக்கு மட்டும்தான் பட்டியல் தேவைப்படும் என்று நம்புவது வசதியான நம்பிக்கை.

கொடுங்கோலன் போனாலும் பட்டியல் போய்விடுவதில்லை. கிழக்கு ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். 1989இல் அங்கே ஸ்டாசி உளவு அமைச்சகத்தின் முழுநேர ஊழியர்கள் சுமார் 91,000 பேர். ரகசியமாகத் துப்புக் கொடுத்த அண்டை வீட்டாரும் சக ஊழியர்களும் அதைவிட அதிகம். அந்த அக்டோபரில் நாட்டின் தலைவர் ஹோனெக்கர் பதவி இழந்தார், சுவரில் தொங்கிய படங்களும் இறங்கின. கோப்புகள் எங்கும் போகவில்லை. வரிசையாக அடுக்கினால் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். 1990 ஜனவரி 15 அன்று பெர்லின் மக்கள் ஸ்டாசி தலைமையகத்துக்குள் புகுந்தார்கள். தன் கோப்பைத் தானே படிக்கும் உரிமையை 1991 டிசம்பரில் சட்டமாகவே பெற்றார்கள்.

நம் நாட்டில் நிலைமை என்ன? இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி, தான் குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசே இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்துக்கொள்ளலாம்.