வாப்பாவின் பதில் எந்தக் கேள்விக்கு?



கெஸட் கடிதம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. 1980களில் குடும்பத் தலைவர் சவூதியிலோ குவைத்திலோ கட்டாரிலோ இருந்த வீட்டுக்காரர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அப்போது ஊரில் டெலிபோன் உள்ள வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுத்தான் கடிதம் எழுதுவிக்க வேண்டும். புருஷனுக்குச் சொல்ல நினைப்பதையெல்லாம் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா? அந்தக் கஷ்டத்தை நீக்கியது கெஸட்தான்.

எங்கள் வாப்பா ஜித்தாவில் இருந்தார். வெள்ளிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்து வீடு அடங்கியதும் உம்மா அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். டேப் ரெக்கோடரின் சிவப்புப் பொத்தானையும் அதன் பக்கத்துப் பொத்தானையும் ஒன்றாக அமுக்கும் 'டக்' சத்தம் வெளியே கேட்கும். ஸலாம் சொல்லித் தொடங்குவார். யார் மவுத்தானது, யாருக்குப் பிள்ளை கிடைத்தது, கூரை ஒழுகுவது, கடைக் கடன், எங்கள் படிப்பு என்று போகும். கடைசியில் கதவைத் திறந்து எங்களை வரிசையாக நிறுத்தி ஸலாம் சொல்ல வைப்பார். ஜித்தாவுக்குத் திரும்பும் யாராவது ஒருவரின் பெட்டியில் அந்தக் கெஸட் போகும். வாப்பா கேட்டுவிட்டு அதன் மறுபக்கத்தில் பதில் பேசி அனுப்புவார். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். நடுவில் இரண்டு மூன்று மாதம்.

வாப்பா மவுத்தாகிப் பல வருடங்களாகின்றன. உம்மாவும் போன வருடம் போய்ச் சேர்ந்தார். அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பதினொரு கெஸட்டுகள் கிடைத்தன. தம்பி சொன்னான்: "ராத்தா, இதையெல்லாம் ஒன்னாச் சேத்து, உம்மா கேக்க வாப்பா பதில் சொல்ற மாதிரி ஆக்கித் தாங்க. புள்ளைகளும் கேக்கட்டும்."

தையலும் சமையலும் வீட்டுக் கணக்கும் எழுதி வந்த இந்தப் பக்கத்தில் இம்முறை கணனி வந்தது இப்படித்தான். உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படியொரு டின் இருக்கலாம்.

முதலில் ஒரு முக்கியமான வேலை. கெஸட்டின் மேல் விளிம்பில், நாடா தெரியும் பக்கத்துக்கு எதிர்ப்புறத்தில், இரண்டு சிறிய பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள். உடைத்தால் அந்தக் கெஸட்டில் மேற்கொண்டு பதிய முடியாது. தவறுதலாகச் சிவப்புப் பொத்தான் அமுங்கினாலும் உம்மாவின் குரல் அழியாது. பிறகு கெஸட் பிளேயரை வயரால் கணனியுடன் இணைத்து ஓடவிட்டுப் பதிய வேண்டும். இதில் குறுக்கு வழி கிடையாது. 60 நிமிடக் கெஸட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும். பதிந்ததை அப்படியே, ஓர் இருமலைக்கூட வெட்டாமல், 'வேவ்' கோப்பாகச் சேமித்து வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். அது மூலம். அதைத் தொடவே கூடாது. இனிச் செய்வதெல்லாம் பிரதியில்தான்.

நான் பாவித்தது ஒடாசிட்டி என்ற மென்பொருள். 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டனன்பர்க் என்ற இருவர் தொடங்கியது. 2000ஆம் ஆண்டிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. கைத்தொலைபேசியில் இது வேலை செய்யாது. கணனி வேண்டும்.

திரையில் இரண்டு விடயங்களைப் பிரித்து விளங்கிக்கொண்டால் போதும். ட்ரெக் என்பது இடமிருந்து வலமாக ஓடும் நீண்ட பட்டி. ஒன்றன் கீழ் ஒன்றாக எத்தனை பட்டிகளும் வைக்கலாம். பொத்தானை அமுக்கியதும் எல்லாப் பட்டிகளும் ஒன்றாக ஓடும். கிளிப் என்பது அந்தப் பட்டியில் கிடக்கும் குரல் துண்டு. ஒரு பட்டியில் ஒரே நேரத்தில் இரண்டு கிளிப் இருக்க முடியாது. இரண்டு குரலும் ஒன்றன் மேல் ஒன்று கேட்க வேண்டுமானால் இரண்டு பட்டி வேண்டும். வெட்ட வேண்டிய இடத்தில் மவுஸால் ஒரு கோடு வைத்து கொன்ட்ரோலுடன் 'ஐ' எழுத்தை அமுக்கினால் கிளிப் இரண்டாகும். கிளிப்பின் தலைப்பில் உள்ள பட்டையைப் பிடித்து இழுத்தால் வேண்டிய இடத்துக்கு நகரும். பழைய பதிப்புகளில் நகர்த்துவதற்கென்று இரட்டை அம்புக் கருவியொன்று தனியாக இருந்தது. 2021இல் வந்த 3.1ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த அம்பைத் தேடி நான் அரை நாளைத் தொலைத்தேன்.

அதே பதிப்பில் வந்த இன்னொரு வசதி எனக்கு மிகவும் பிடித்தது. கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து உள்நோக்கித் தள்ளினால் வேண்டாத பகுதி மறையும். ஆனால் அழியாது. திரும்ப வெளியே இழுத்தால் மீண்டும் வரும். வளரும் பிள்ளைக்கு கவுன் தைக்கும்போது உள்ளே மடிப்பு விட்டுத் தைப்போமே, அதுபோல. வருடம் போனதும் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். டிலீட் அடிப்பதோ கத்தரிக்கோல் போடுவது மாதிரி. அந்த நேரத்தில் கொன்ட்ரோலுடன் 'இஸட்' அடித்து மீட்கலாம். வேலையைச் சேமித்து மூடிவிட்டால் அதுவும் இல்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

உம்மாவின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கிளிப்பாக மேல் பட்டியில் போட்டேன். அவர் கேள்வி கேட்டு முடியும் இடங்களில், அந்தக் கிளிப்புக்குள்ளேயே, பதிலுக்கு வேண்டிய அளவு வெறும் மௌனத்தைச் செருகினேன். கீழ்ப் பட்டியில் வாப்பாவின் பதில்களைத் துண்டு துண்டாக்கி அந்த இடைவெளிகளுக்கு நேரே வைத்தேன். முதல் கெஸட்டைத் தம்பிக்குப் போட்டுக் காட்ட ஓரளவு ஆயத்தமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கெட்டித்தனம் காட்டப் போனேன். உம்மா இருமியது, தொட்டில் பிள்ளை அழுதது, தெருவில் மீன்காரர் கூவியது என்று மேல் பட்டியில் ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்து டிலீட் அடித்தேன்.

டிலீட் அடித்தால் அந்த இடம் வெறுமையாக இருக்காது. பின்னால் உள்ள பேச்செல்லாம் முன்னே நகர்ந்து இடைவெளியை மூடும். மேல் பட்டியில்தான் நகரும். கீழ்ப் பட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். இங்கே மூன்று விநாடி, அங்கே ஐந்து விநாடி என்று ஒரு நிமிடத்துக்கும் மேலே வெட்டியிருந்தேன். முழுதாக ஒருமுறை கேட்டுப் பார்க்காமல் தம்பியைக் கூப்பிட்டேன்.

முற்பகுதி நல்லபடியாகப் போனது. பிறகு வாப்பா உம்மாவின் பேச்சுக்குக் குறுக்கே பேசத் தொடங்கினார். நிறுத்தக் கை நீட்டினேன். அதற்குள் உம்மா கேட்டார்: "தம்பிக்கு சுன்னத்து வைக்கணும். நீங்க எப்ப வாற?" வாப்பா சொன்னார்: "இன்ஷா அல்லாஹ், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி."

அந்தப் பதில் அந்தக் கேள்விக்கு உரியதல்ல. கூரைக்கு ஓடு வாங்கக் காசு எப்போது வரும் என்று உம்மா அதற்கு முதல் கேட்டிருந்தார். அதற்குச் சொன்ன பதில் அது. மேலே உள்ளது முன்னே போனதால் ஓட்டுக் காசின் பதில் சுன்னத்துக் கேள்விக்கு நேரே வந்து விழுந்துவிட்டது. விழுந்த இடமோ தைத்தது போலப் பொருந்தியது.

தம்பியின் சுன்னத்துக் கலியாணத்துக்கு வாப்பா வரவில்லை. அதை அவன் யாரிடமும் பெரிதாகச் சொல்வதில்லை. ஆனால் அவனுடைய பிள்ளைகளின் சின்ன விடயத்துக்குக்கூட லீவு போட்டுவிட்டு நிற்பதைப் பார்த்தால் எங்களுக்கு விளங்கும். அவன் அழுதான். "வாறன்டு சொல்லீக்கிறாரே ராத்தா. வர ஏலாம போயீக்கும். நாமதான் பிழையா நெனச்சீக்கிறோம்" என்றான்.

நான் வாய் திறக்கவில்லை. அந்த இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுவோமா என்றுதான் யோசித்தேன். அவன் ஆறுதலடைகிறான், கேட்கப் போவது எங்கள் பிள்ளைகள் மட்டும்தானே என்றெல்லாம் மனம் சொன்னது. ஆனால் கொடுக்காத வாக்கொன்றை வாப்பாவின் சொந்தக் குரலில் கொடுக்க வைத்திருக்கிறேன். வந்து மறுக்க அவர் இல்லை. குரலும் ஓர் அமானிதம்தானே.

காலையில் சொன்னேன். தம்பிக்குக் கோபம் வந்தது. "அப்ப அத ஏன் எனக்குப் போட்டீங்க?" என்றான். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. சற்று நேரத்துக்குப் பிறகு, "சரி, சொன்ன மாதிரியே வைங்க" என்றான்.

மூலத்திலிருந்து மீண்டும் தொடங்கினேன். இம்முறை செய்ததைச் சொல்கிறேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள். உம்மாவின் பேச்சையும் கேள்வி கேள்வியாகத் துண்டாக்கினேன். கிளிப்புக்குப் பெயர் எழுதலாம். தமிழிலேயே 'கூரை கேள்வி', 'கூரை பதில்' என்று எழுதி வைத்தேன். பெயர் இருந்தால் ஜோடி மாறியது கண்ணில் படும். இருமலை எடுக்க டிலீட் அடிக்கவில்லை. கொன்ட்ரோலுடன் 'எல்' அமுக்கினால் அந்த அளவு நேரம் மௌனமாக மாறும், எதுவும் நகராது. ஆனால் பழைய நாடாவில் எப்போதும் மெல்லிய இரைச்சல் உண்டு. நடுவில் முழு மௌனம் வந்தால் சேலையில் ஓட்டை விழுந்த மாதிரிக் கேட்கும். ஆகவே யாரும் பேசாத ஓரிடத்திலிருந்து வெறும் இரைச்சலைப் பிரதி எடுத்து அந்த ஓட்டையில் வைத்தேன். பட்டிகளை ஒன்றோடொன்று பூட்டி, ஒன்றில் வெட்டினால் மற்றதும் சேர்ந்து நகரச் செய்யும் வசதியும் உண்டு. அதை ட்ரெக் மெனுவில் காணலாம். அதைப் போட்டால் கீழ்ப் பட்டியில் அதே நேரத்தில் உள்ளதும் சேர்ந்து வெட்டுப்படும். கீழே வெறுமையாக உள்ள இடமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மீன்காரரின் சத்தத்தை இம்முறை எடுக்கவில்லை. ஏன் எடுத்தேன் என்று இப்போது தெரியவில்லை.

மீதமிருந்தது சுன்னத்துக் கேள்விதான். அதற்கு நேரே எதை வைப்பது? வாப்பா அதற்குப் பதிலே சொல்லவில்லை. கூரைக் காசைப் பற்றிச் சொல்லிவிட்டு அடுத்ததாக, "இங்க வெயில் கடும்" என்று தொடங்குகிறார். உம்மாவின் கேள்வியையே எடுத்துவிட்டால் பிரச்சினை தீரும். கேட்காததாகிவிடும். அதுவும் ஒரு வகையில் மாற்றி வைப்பதுதான் என்று பட்டது.

அப்போதுதான் அந்த வெயில் கிளிப்பின் முன் ஓரத்தை நான் உள்ளே தள்ளியிருந்தது ஞாபகம் வந்தது. பேச்சில்லாத இடம், வீண் என்று மடித்துவிட்டிருந்தேன். ஓரத்தைப் பிடித்து வெளியே இழுத்தேன். எட்டு விநாடி இருந்தது. வாப்பா மூச்சு விடுவது கேட்கிறது. தூரத்தில் ஏதோ வாகனத்தின் ஹோன் சத்தம். பிறகு டேப்பை நிறுத்தும் 'டக்'. மீண்டும் ஒரு 'டக்'. அதன் பிறகுதான் வெயில்.

அந்த எட்டு விநாடியையும் கூட்டாமல் குறைக்காமல் உம்மாவின் கேள்விக்குப் பின்னால் வைத்தேன். எல்லாவற்றையும் எம்.பி.3 கோப்பாக்கி வீட்டாருக்கு அனுப்பினேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, அந்த ஒரு கெஸட்டின் மறுபக்கத்தை மட்டும், எதையும் வெட்டாமல், தனக்குத் தனியாகப் போட்டுத் தரச் சொன்னான்.