எல்லாம் ஒன்றுதானா?

"எந்த பிரவுசராக இருந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான்" என்கிற பேச்சு நம் வயதுக்காரர்களிடமும் பரவிவிட்டது. பேரப்பிள்ளைகள் சொல்லிக்கொடுத்த பாடம். ஃபோன் வாங்கும்போதே குரோம் அதில் இருக்கிறது, தொட்டால் இன்டர்நெட் வருகிறது, வேறென்ன வேண்டும் என்கிறார்கள். ஒரு சைக்கிள் வாங்க நாலு கடை ஏறி இறங்கிய தலைமுறை நாம். பென்ஷன், வங்கிக் கணக்கு, டாக்டர் ரிப்போர்ட் என்று நம் அந்தரங்கம் முழுவதும் போய்வருகிற வாசலை மட்டும் கடைக்காரன் வைத்தபடியே விட்டுவிடலாமா?

இந்தப் பொருளுக்கு ஒவ்வொரு மொழியிலும் ஒரு பெயர். ஆங்கிலத்தில் மேய்வது, தமிழில் உலாவுவது. எங்களுக்குப் பள்ளியில் கற்றுக்கொடுத்த பிரெஞ்சிலோ அது 'நவிகத்தேர்', அதாவது கப்பலில் திசை பார்த்து வழி சொல்லும் மாலுமி. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு கேள்வி தானாக வருகிறது. அந்த மாலுமிக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

குரோமைச் செய்வது கூகுள். கூகுளின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்தில் வருகிறது. நாம் எதைத் தேடுகிறோம், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதுதான் அந்த வியாபாரத்துக்குச் சரக்கு. தனி ஜன்னலில், 'இன்காக்னிடோ'வில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று நம்பியவர்கள் பலர். அந்த ஜன்னலிலும் விவரம் சேகரிக்கப்பட்டது என்று 2020இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2024இல் சமரசம் ஆனபோது, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. இல்லாததை யாரும் அழிக்க ஒப்புக்கொள்வதில்லை.

முதலில் வைத்ததை நாம் மாற்ற மாட்டோம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிறருடைய ஃபோன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடுபொறியே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காக 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். ரூபாய் அல்ல, டாலர். இது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கு. நம் சோம்பலுக்கு இவ்வளவு விலை இருக்கிறது. நம் நாட்டின் போட்டி ஆணையமும் சும்மா இருக்கவில்லை. ஆண்ட்ராய்டு ஃபோன் செய்பவர்கள் மீது தன் செயலிகளை மொத்தமாகத் திணிப்பது உள்ளிட்ட காரணங்களுக்காக 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

ஒருவர் கையில் எல்லாம் போனால் என்ன ஆகும் என்பது என்னைப்போல் கம்ப்யூட்டர் வந்த காலத்து அரசு அலுவலகங்களில் இருந்தவர்களுக்குத் தெரியும். 2001இல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது. விண்டோஸோடு சேர்ந்தே வந்ததால் உலகத்தில் பெரும்பாலோர் அதையே பிடித்துக்கொண்டார்கள். எதிரி இல்லை என்றதும் கம்பெனி தூங்கப் போய்விட்டது. அடுத்த பதிப்பு வர 2006 ஆயிற்று. 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் வந்து போட்டியிட்டிருக்காவிட்டால் அப்போதும் வந்திருக்குமா என்பது சந்தேகம். அந்த ஐந்து வருடத்தில் எழுதப்பட்ட அலுவலக மென்பொருள்கள் பல அந்த ஒன்றில் மட்டுமே திறக்கும். நான் ஓய்வுபெறும் சமயம் ஒரு செக்‌ஷனில் புது மெஷின்கள் வந்து இறங்கின. ஆனால் பில் போடும் புரோகிராம் அவற்றில் திறக்கவில்லை. ஆகவே பழைய மெஷின் ஒன்றைத் துணி போட்டு மூடி மூலையில் வைத்திருந்தார்கள். மாதக் கடைசியில் அதன் முன்னால் வரிசை நிற்கும்.

இன்று அதே கதை வேறு பெயரில் திரும்புகிறது. "நான் குரோம் இல்லை, எட்ஜ்தான்" என்று சொல்லும் நண்பர்களே, 2020 முதல் எட்ஜின் உள்ளே ஓடுவதும் குரோமியம் எஞ்சின்தான். ஓபரா 2013லேயே மாறிவிட்டது. பிரேவ் விளம்பரத்தைத் தடுக்கிறது, அதைப் பாராட்டலாம், ஆனால் எஞ்சின் அதேதான். போர்டு மட்டும் வேறு, சமையல்கட்டு ஒன்று. சொந்த எஞ்சினோடு தனியாக நிற்கும் பெரிய பிரவுசர்கள் இரண்டே. ஒன்று ஆப்பிளின் சஃபாரி. மற்றது மொஸில்லா என்ற லாப நோக்கமில்லாத அறக்கட்டளையின் ஃபயர்பாக்ஸ். ஐபோன் வைத்திருப்பவர்கள் சஃபாரியிலேயே இருக்கலாம். நம் ஊரில் விற்கும் ஐபோனில் எந்தப் பெயரைப் போட்டாலும் உள்ளே சஃபாரியின் எஞ்சின்தான்.

ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் நமக்கு ஃபயர்பாக்ஸ்தான் என்பது என் கட்சி. கொள்கையை விடுங்கள், கண்ணைப் பாருங்கள். செய்தி படிக்கப் போனால் பாதித் திரையில் விளம்பரம் துள்ளுகிறது. "உங்கள் ஃபோனில் வைரஸ்" என்று சிவப்பாக மிரட்டுகிறது. கை நடுங்கி எதையோ அமுக்கி, எங்கோ போய் நிற்கிறோம். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடினால் போலி எண்ணைக் காட்டி ஏமாற்றும் கும்பல்கள் இருக்கின்றன. பென்ஷன் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் நம்மில் உண்டு. ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் 'யூபிளாக் ஆரிஜின்' என்ற இணைப்பைப் போட்டால் இந்த விளம்பரக் குப்பையில் பெரும்பகுதி மறைந்துவிடும். இலவசம். ஃபோனில் உள்ள குரோம் எந்த இணைப்பையும் ஏற்பதில்லை. கம்ப்யூட்டர் குரோமில் இருந்த இதே யூபிளாக்கையும் 2024 முதல் படிப்படியாக நிறுத்தினார்கள். பாதுகாப்புக்காக விதியை மாற்றினோம் என்கிறார்கள். விளம்பரம் விற்பவர் விளம்பரத் தடுப்பை நிறுத்தினால் பாதுகாப்பு யாருக்கு?

"ஃபயர்பாக்ஸும் கூகுளிடம்தானே காசு வாங்குகிறது" என்று ஒரு விவரமான நண்பர் மடக்கினார். உண்மை. மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளைத் தேடுபொறியாக வைப்பதற்கு வரும் பணம்தான். எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் அந்தத் தேடுபொறியை அதில் ஒரு நிமிடத்தில் மாற்றலாம். விளம்பரத் தடுப்பையும் அவர்கள் விரட்டவில்லை. குடக்கூலி வாங்குகிறவனும் வீட்டுக்காரனும் ஒன்றா?

மாற்றுவது பெரிய வித்தை அல்ல. பிளே ஸ்டோரில் ஃபயர்பாக்ஸை இறக்குங்கள். பிறகு செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ், பிரவுசர் என்று போய் அதைத் தேர்ந்தெடுங்கள். ஃபோனுக்கு ஃபோன் வார்த்தை சற்று மாறும். முதல் இரண்டு நாள் பட்டன் இடம் மாறியிருப்பது எரிச்சலாக இருக்கும். மூன்றாம் நாள் பழகிவிடும்.

ஏதாவது ஒரு தளம் "குரோமில் மட்டும் திறக்கவும்" என்று சொன்னால் அதற்காக மட்டும் குரோமைத் திறந்து வேலையை முடித்து மூடுங்கள். அதோடு விடாதீர்கள். அந்த வங்கிக்கோ அலுவலகத்துக்கோ ஃபயர்பாக்ஸில் ஏன் திறக்கவில்லை என்று இரண்டு வரி புகார் எழுதி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிவையுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டுக் கடிதம் அனுப்புங்கள். நம்மில் பாதிப்பேர் முப்பது வருடம் அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதியவர்கள்தானே, எப்படி எழுதினால் ஃபைல் நகரும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.