பொய்ச் சண்டையில் நான் கண்ட மெய்

"பொய்ச் சண்டையைப் பார்க்க மெய்யான டேட்டாவைச் செலவழிக்கிறாயே, மகள்!"

சென்ற டிசம்பர் விடுமுறையில் வாப்பா என்னிடம் சொன்ன வார்த்தை இது. பொகவந்தலாவையில் எங்கள் வீட்டில், மழை பிடித்துக்கொண்டால் ஜன்னலோரத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அந்த ஜன்னலோரத்தில் ஒரே போர்வைக்குள் அமர்ந்து நானும் நானாவும் மெக்சிக்கோ மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தோம். நானாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு ரெஸ்லிங்?" என்று உம்மா குசினியிலிருந்து கேட்டது எனக்காக மட்டும்தான்.

வாப்பாவுக்கு மல்யுத்தம் புதிதல்ல. கடையில் யாராவது அரிசி மூட்டையைத் தனியாகத் தூக்கினால், "பெரிய தாராசிங்தான்!" என்பார். அந்தத் தாராசிங்கோடு பலமுறை மோதிய கிங்கொங், 1955இல் டோக்கியோவில் ஆசியப் பட்டத்துக்காக ரிக்கிடோசானுடன் மோதித் தோற்றார் என்ற செய்தியை அவரிடம் சொன்னேன். ஜப்பானிய மல்யுத்தத்தின் தந்தை என்று போற்றப்படுபவர் ரிக்கிடோசான். "அப்படியா?" என்று வாப்பாவும் பக்கத்தில் வந்து அமர்ந்துவிட்டார். ஆனாலும் கேள்வியை விடவில்லை. "யார் வெல்வது என்று முன்னமே பேசி வைத்துக்கொள்கிறார்கள். அதில் பார்க்க என்ன இருக்கிறது?"

தோழிகளே, வாப்பாவுக்கு அன்று சரியாகச் சொல்ல முடியாமற்போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முடிவு முன்னமே தீர்மானிக்கப்படுகிறது என்பது உண்மைதான். நான் அதை மறுக்கவில்லை. ஆனால், முடிவு தெரிந்த ஒன்றை நாம் பார்ப்பதேயில்லையா? எங்கள் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும். சிவன் காமனை எரிப்பார் என்பது அங்கு நிற்கும் சிறுபிள்ளைக்கும் தெரியும். காமனாக வேடமிட்டிருப்பவர் பகலில் மலையில் வேலை செய்யும் அண்ணன் என்பதும் தெரியும். ஆனாலும் ரதி புலம்பத் தொடங்கியதும் என் தோழியின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பார். காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து இலாவணி பாடுவதும் உண்டு. கூத்தைப் 'பொய்' என்று எவரும் தள்ளிவிடுவதில்லை. மல்யுத்தத்தை மட்டும் ஏன் அப்படித் தள்ளுகிறோம்?

முடிவுதான் முன்னமே தீர்மானிக்கப்பட்டது, விழுவது மெய்யானது. மேடையின் அடியில் இரும்புச் சட்டமும் மரப்பலகையும். அதன்மேல் மெல்லிய மெத்தையும் துணியும் மட்டுமே. விழுபவர் நாடியை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழப் பழக வேண்டும். தூக்குபவர் எதிராளியின் கழுத்துக்கு ஆபத்து வராமல் இறக்க வேண்டும். மெக்சிக்கோ வீரர் கயிற்றின்மேல் ஏறி மேடைக்கு வெளியே பாயும்போது, கீழே நிற்கும் 'எதிரி' கையை விரித்து அவரைத் தாங்கியே ஆக வேண்டும். தாங்காவிட்டால் பாய்ந்தவரின் உயிருக்கே ஆபத்து.

மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவர் அல்லர், கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவரே பலசாலி என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. நான் ரெஸ்லிங் பார்ப்பதை அறிந்த ஒரு தோழி இதைச் சொல்லித்தான் என்னைத் திருத்தப் பார்த்தாள். நான் பார்க்கப் பார்க்க எனக்கு விளங்கியதும் இந்தப் போதனைதான். நல்ல மல்யுத்த வீரரின் திறமை அடிப்பதில் இல்லை. எதிராளியின் எலும்பை முறிக்கக்கூடிய பலம் கையில் இருந்தும், முறியாமல் பிடிப்பதில் இருக்கிறது.

மெக்சிக்கோவில் 1933 முதல் இக்கலை நிறுவனமாக வளர்ந்து வருகிறது. அங்கே முகமூடிதான் வீரரின் மானம். போட்டியின் நடுவே எதிராளியின் முகமூடியைக் கழற்றினால், கழற்றியவர் தோற்றவராவார். இருவரும் தம் முகமூடியையே பந்தயமாக வைக்கும் போட்டிகளும் உண்டு. தோற்றவர் எல்லோர் முன்னிலையிலும் முகத்தைக் காட்ட வேண்டும். எல் சாண்டோ என்ற வெள்ளி முகமூடி வீரர் 1942 முதல் நாற்பது ஆண்டுகள் அந்த முகமூடியோடு வாழ்ந்தார். 1984இல் இறந்தபோது முகமூடியுடனேயே அடக்கம் செய்யப்பட்டார்.

எனக்குப் பிடித்தவரோ சூப்பர் பாரியோ. 1985ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மெக்சிக்கோ நகரின் ஏழைகள் பலர் வீடிழந்தார்கள். 1987இல், சிவப்பும் மஞ்சளுமாக மல்யுத்த வீரர் உடையணிந்த ஒருவர், வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் குடும்பங்களுக்காகக் கூட்டங்களிலும் அலுவலகங்களிலும் தோன்றினார். முகமூடிக்குள் இருப்பவர் யார் என்று கேட்டவர்களைவிட, அவர் பின்னால் நின்றவர்களே அதிகம். லயத்து அறைகளில் ஒரு காணித்துண்டுக்காகத் தலைமுறைகளாகக் காத்திருக்கும் மக்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு, அந்தக் கதை தூரத்துக் கதையாகப் படவில்லை.

ஜப்பானுக்கு வந்தால் முதலில் சபையின் அமைதி வியப்பளிக்கும். வீரர் பிடி போடும்போது பார்வையாளர்கள் வகுப்பறையில் இருப்பதுபோல் கவனமாக இருப்பார்கள்; தருணம் வந்ததும் கரகோஷம் எழும். 1980களில் சிகுசா நகாயோ, லயனஸ் அசுகா என்ற இருவர் சேர்ந்த பெண்கள் அணியைப் பார்க்க, எங்களைப் போன்ற பாடசாலை மாணவிகள்தாம் மண்டபங்களை நிறைத்தார்கள். 1985 ஓகஸ்ட் 28ஆம் திகதி ஒசாக்காவில், தலைமுடியைப் பந்தயமாக வைத்த போட்டியில் சிகுசா தோற்றார். மேடையிலேயே அவர் முடி மழிக்கப்பட்டபோது அந்த மாணவிகள் கதறி அழுதார்கள். "பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு ரெஸ்லிங்?" என்ற உம்மாவின் கேள்விக்கு அந்தப் பிள்ளைகள் அன்றே பதில் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றும்.

இனி எழுதப்போவது எனக்கு வலிக்கும் பகுதி. ஹனா கிமுரா என்ற ஜப்பானிய வீராங்கனை, ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கோபப்பட்ட காட்சிக்காக இணையத்தில் முகந்தெரியாத பலரால் வசைபாடப்பட்டார். 2020 மே மாதம், 22 வயதில், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். அதன் பின்னர்தான் 2022இல் ஜப்பான் அவதூறாக இழிவுபடுத்துவோருக்கான தண்டனையைக் கடுமையாக்கியது. மேடையில் எத்தனையோ முறை விழுந்து எழுந்த பெண் அவர். மேடையில் அவரைத் தாங்கக் கைகள் இருந்தன. திரையில் வந்து விழுந்த சொற்களிடமிருந்து அவரைத் தாங்க யாரும் இருக்கவில்லை.

இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் நானும் ஒருமுறை, பிடிக்காத ஒரு வீராங்கனையின் படத்துக்குக் கீழே, "உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?" என்று எழுதியிருந்தேன். விளையாட்டாகத்தான் எழுதினேன். அன்றிரவு தேடிப் பிடித்து அதை அழித்தேன். அவர் அதை வாசித்தாரோ இல்லையோ, எழுதிய விரல் என்னுடையது. எந்தச் சண்டை பொய், எந்தச் சண்டை மெய் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

முஸ்லிம் பெண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பவர்களுக்கு மலேசியாவின் நோர் டயானாவைப் பற்றிச் சொல்வேன். 'ஃபீனிக்ஸ்' என்ற பெயரில் முகமூடியணிந்து மோதியவர். 2018இல் ஒரு போட்டியில் தோற்று முகமூடியைக் கழற்ற வேண்டி வந்தபோது, ஹிஜாபோடு சபைமுன் நின்றார். 2019இல், 19 வயதில், ஆண் வீரர்களையும் வென்று மலேசியாவில் பட்டம் பெற்றார். ஆண்களோடு மோதலாமா என்ற கேள்வி நம்மிடையே எழும். எனக்கும் எழுந்தது; அதற்கு என்னிடம் முடிந்த பதில் இல்லை. ஆனால், ஹிஜாப் அணிந்தவள் பலவீனமானவள் என்று எண்ணுபவருக்கு அவரிடம் பதில் இருக்கிறது.

பார்க்க ஆசைப்படும் தங்கைகளுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். முதல் நாளே முழு வரலாற்றையும் படிக்க முயலாதீர்கள். ஒரு வீரரைத் தெரிவுசெய்து அவருடைய நான்கைந்து போட்டிகளைப் பாருங்கள். பாட்டுப் போலத் துள்ளும் ஓட்டம் பிடித்தால் மெக்சிக்கோ. பொறுமையாக வளரும் மோதல் பிடித்தால் ஜப்பான். இரத்தம் சிந்தும் போட்டிகளையும் உடை ஒவ்வாத காட்சிகளையும் நான் தாண்டிவிடுவேன், நீங்களும் தாண்டலாம். தம்பி, தங்கைகளை வைத்து வீட்டில் செய்து மட்டும் பார்க்காதீர்கள்; அவர்கள் பல வருடம் பழகியவர்கள். பரீட்சை நெருங்கினால் கைபேசியை உம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். நானும் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த விடுமுறையில் வாப்பா திரும்பவும் கேட்பார். அப்போது சொல்லப்போகிறேன்: "வாப்பா, அடிக்கிற கையைப் பார்க்காதீங்க. விழுறவரைப் பிடிக்கிற கையைப் பாருங்க."