அங்கன்வாடி முற்றங்களில் மணலும் மரமும் கொண்டு விளையாட்டிடம் அமைக்க அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
அங்கன்வாடிக் குழந்தைகளின் பெற்றோர் சங்கத்தினர்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தால் எங்கள் பிள்ளைகளுக்குச் சத்துமாவும் முட்டையும் கிடைக்கின்றன. அதற்கு நன்றியுடையோம். விளையாடத்தான் இடமில்லை. முற்றம் உள்ள மையங்களிலும் சிமென்ட் தளமோ பழைய தகரச் சறுக்குமரமோதான் இருக்கிறது. சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்கே அந்தத் தகரத்தில் கை வைக்க முடியாது. ஒரு மையத்தில் தகடு பிய்ந்து விளிம்பு நீட்டிக்கொண்டிருப்பதால், உதவியாளர் அதில் சாக்கைச் சுற்றிக் கட்டிவைத்திருக்கிறார்.

புதிய சாமான்கள் வாங்கித் தரும்படி நாங்கள் கேட்கவில்லை. ஊரில் கிடைப்பதைப் பயன்படுத்த அனுமதி கேட்கிறோம்.

மையத்துக்கு ஒரு யூனிட் மணல் வேண்டும். பத்தடிக்குப் பத்தடி, ஓரடி ஆழக் குழிக்கு அது சரியாக இருக்கும். ஈர மணலைப் பிசைந்து, சிரட்டையில் இட்லி வார்த்து விளையாடும்போதுதான் பிஞ்சு விரல்களுக்குப் பென்சில் பிடிக்கும் வலு வருகிறது. உரிய சீட்டின்றி ஆற்றுமணல் எடுக்கக் கூடாது என்பதை அறிவோம். ஆகவே கடத்தலில் பறிமுதலாகும் மணலிலிருந்து ஒதுக்கித் தர ஆணையிடுமாறு வேண்டுகிறோம். சலித்துக் கொட்டுவதும், நாய், பூனை அசுத்தம் செய்யாதபடி இரவில் வலை போட்டு மூடுவதும் எங்கள் பொறுப்பு.

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளின்மேல் ஏறி நடந்து எங்கள் பிள்ளைகள் விளையாடியதைக் கண்டோம். ஆனால் தென்னந்தடி சிராய் குத்தும், மழையில் சீக்கிரம் மட்கிவிடும். வேம்பும் பூவரசும்தான் உகந்தவை. புறம்போக்கிலும் சாலையோரத்திலும் இம்மரங்கள் காற்றில் விழுந்தால், ஏலத்துக்கு முன்பாக அடித்துண்டுகள் இரண்டை அருகிலுள்ள மையத்துக்கு ஒதுக்க வேண்டும். பட்டை உரித்து, இழைத்து, உருளாதபடி பாதி புதைத்துக்கொடுக்க எங்களில் தச்சர்கள் இருக்கிறார்கள். தரைக்குமேல் இரண்டடிக்கு மிகாமல் பார்த்துக்கொள்வோம். நிழலுக்குப் புங்கங்கன்றுகளும் தேவை. தென்னைக்கு அடியில் விளையாட்டிடம் கூடாது. நச்சுச் செடியான அரளியை வேலிக்கு வைக்கவும் கூடாது.

இவையனைத்தையும்விட முக்கியமான ஒன்று உண்டு. ஒரு பிள்ளை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் தம்மீது நடவடிக்கை வருமோ என்று பணியாளர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதனாலேயே பிள்ளைகள் அறைக்குள் அடைந்துகிடக்கிறார்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் வெளியில் விளையாட விட வேண்டும் என்றும், கவனக்குறைவின்றி நேரும் சிறு காயங்களுக்குப் பணியாளர் பொறுப்பல்ல என்றும் எழுத்துப்பூர்வமாகச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறோம். விளையாட்டைக் குழந்தையின் உரிமையாக ஏற்கும் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1992-லேயே இணைந்துவிட்டது.

குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரை நேரில் அனுப்பி இடங்களைப் பார்வையிடச் செய்து, கோடைக்கு முன் வேலை தொடங்க ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்