தரைவழி வரும் குளிர்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்தது ஓசூர். அவ்வூரில் இன்று எழும் அலுவலகங்கள் பலவும் கண்ணாடிச் சுவர் வழியே வெயிலை உள்ளே வரவிட்டு, பின்னர் அதை விரட்ட மின்சாரத்தைச் செலவிடுகின்றன.

கூரையிலிருந்து குளிர்காற்றைக் கொட்டும் வழக்கமான முறையில் காற்றை ஏறத்தாழ 13 பாகை செல்சியசு வரை குளிர்விக்க வேண்டும். ஆளில்லா மேற்பகுதியும் வீணே குளிர்கிறது. உயர்த்தப்பட்ட தளத்தின் அடியில் காற்றைச் செலுத்தித் துளைகள் வழியே மெல்ல வெளிவிடும் முறைக்கோ 17 அல்லது 18 பாகை போதும். அக்காற்று மனிதர் புழங்கும் உயரத்தைக் குளிர்வித்து, வெப்பத்தை ஏந்தி மேலெழுகிறது. 1985இல் கட்டிமுடிக்கப்பட்ட ஹாங்காங் எச்.எஸ்.பி.சி. வங்கித் தலைமையகம் இம்முறையைக் கையாண்டது.

மார்கழி இரவுகளில் ஓசூரின் வெளிக்காற்றே அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்கும். இரவுப்பணி நடைபெறும் இடங்களில் குளிர்விப்பு எந்திரத்திற்கு ஓய்வளிக்கும் இவ்வாய்ப்பு சென்னைக்கு அரிது. மழைக்கால ஈரக்காற்றை மட்டும் உலர்த்தாமல் உள்ளே விடலாகாது. தளத்தடியில் தூசு சேராமலும் காக்கவேண்டும்.

வரைபடம் தீட்டும்போதே தளத்தின் உயரம் முடிவாகவேண்டும். எழுந்துவிட்ட கட்டடத்தில் அதற்கு இடமிராது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் புதிய அலுவலகம் கட்டுவோர், கண்ணாடியின் நிறத்தைத் தேர்வதற்கு முன்பே இதனை எண்ணுதல் நன்று.